மேட்டில் நின்ற லாரி

மாரிக்கண்ணன் லாரியை எங்கே நிறுத்துகிறார் என்பது ஆமத்தூரில் எல்லோருக்கும் ஒரு கேலி. வீட்டுக்கு முன்னால் தாராளமாக இடம் உண்டு. லோடு ஏற்றிய வண்டி என்றால் அங்கே நிறுத்த மாட்டார். ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையையும் தாண்டி, வேலிக்கருவை மண்டிய பொட்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து வெயிலில் நடந்து வருவார். வந்தவர் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார். சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு மறுபடியும் பொட்டலுக்கே போய்விடுவார்.

"ஒங்களுக்குப் பொண்டாட்டி நானா, அந்த லாரியா?" என்று முருகம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"லாரி வாயத் தொறக்காதுல்ல" என்றார் அவர்.

பட்டாசு ஏற்றும் ஓட்டுநர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் ஓரளவு உண்டு. மற்ற ஓட்டுநர்கள் வெளிச்சமும் டீக்கடையும் இருக்கிற இடம் தேடி நிறுத்துவார்கள். இவர்கள் ஆள் இல்லாத இடம் தேடுவார்கள். பெட்ரோல் பங்க் ஆகாது, கோயில் வாசல் ஆகாது, பள்ளிக்கூடம் ஆகாது. நெருப்பை மட்டுமே ஆபத்து என்று அறிந்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு வெட்டவெளிதான் பாதுகாப்பு. மாரிக்கண்ணனிடம் அது பழக்கம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. அதற்குக் காரணம் ஒன்று உண்டு.

ஆடி மாதம் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்துபோகும் கூட்டம் சாத்தூர் சாலை முழுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள். லோடு வண்டியைச் சாலையை விட்டு இறக்கி ஒரு தரிசுக் காட்டில் நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி ஓடிய பம்புசெட்டில் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது லாரியின் நிழலில் மூன்று குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. கல் கூட்டி அடுப்பு எரிந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவே சேலை விரித்து இரண்டு குழந்தைகளைத் தூங்கப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் வேறு நிழல் இல்லை. அவர்கள் மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர் சத்தம் போடவில்லை. கேனில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பில் ஊற்றினார். "அரைவேக்காட்டுச் சோத்துல தண்ணிய ஊத்திட்டானே, நீ வெளங்குவியாடா?" என்று ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் பதறி ஓடுவார்கள், குழந்தையை மிதித்துவிடுவார்கள் என்று நினைத்தார். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, வண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு போய், பார்வைக்கு அப்பால் நிறுத்திவிட்டு, இறங்கிச் சக்கரங்களுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் திட்டிக்கொண்டே அம்மன் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் நடந்துவிட்ட விபத்தை விட நடக்காமல் போன விபத்துக்கு ஒரு மனிதன் மேல் அதிகாரம் கூடுதல் என்று தோன்றுகிறது. நடந்ததற்கு ஒரு அளவு இருக்கிறது, அழுது முடிக்கலாம். நடக்காததற்கு அளவு கிடையாது. அந்த நாளுக்குப் பிறகு, சோறு வாங்க வீட்டுக்கு வந்துபோகும் நேரம் தவிர, லோடு வண்டியை விட்டு அவர் கண்ணெட்டும் தூரத்தைத் தாண்டியதில்லை.

மற்றபடி அவரைப் பெரிய குணவான் என்று சொல்ல முடியாது. ஒரு சுவர்த் தகராறில் சொந்த அண்ணனிடம் பேச்சை நிறுத்தி, அவர் செத்த பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனார். லோடு இல்லாத நாளில் குடிப்பார். நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னப் போய்க்கொண்டிருந்த முருகம்மாளை, கைவிரல்கள் மரத்துப்போன பிறகும் ஒரு வருஷம் போகவிட்டார். மகள் இசைவாணி விஷயத்தில் மட்டும் அவரிடம் வேறு ஒரு ஆள் இருந்தான். அவள் விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்தாள். அவள் எதைச் சொன்னாலும் நம்புவார். "வாணி சொல்லிட்டா" என்றால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது.

அந்தக் கார்த்திகையில் தீபாவளி முடிந்து சீசன் அடங்கிவிட்டது. கடலூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ராஜபாண்டியன் என்ற விருதுநகர்க்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தீபாவளிக்குப் பட்டாசும் விற்பார். அந்த வருஷம் மழையில் பாதி சரக்கு தேங்கிவிட்டது. அந்த மிச்சத்தைத் திரும்ப எடுத்துவர முதலாளி காசிராஜன் மாரிக்கண்ணனை அனுப்பினார். சீசன் முடிந்துவிட்டதால் கிளீனர் ஊருக்குப் போயிருந்தான். தனியாகத்தான் போனார்.

சரக்கை ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்தபோது, வங்கக் கடலில் இருந்த புயல் திசை மாறி அந்தக் கரையை நோக்கியே வருவதாக அறிவிப்பு வந்தது. மேற்கே போகிற சாலையில் பாலத்துக்கு மேல் ஆற்றுவெள்ளம் ஓடியது. திரும்ப ஊருக்குள் வந்தார். கடைத்தெருவில் நிறுத்தவிடாமல் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"ஊர் சனம் பூரா பள்ளிக்கூடத்துல வந்து கெடக்கு. அதுக்குப் பக்கத்துல வெடி லாரிய நிறுத்தலாம்ங்கிறியா? அறிவு இருக்காய்யா?"

"நிறுத்துறேன்னு நான் சொல்லலியே சார். எங்கன நிறுத்தணும்னுதான கேக்கேன்."

"எங்கயாச்சும் கொண்டு போ. ஆள் இல்லாத எடமா."

"அதத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார் மாரிக்கண்ணன். இருவரும் ஒரே பக்கம் நிற்பது போலிருந்தது அவருக்கு.

ராஜபாண்டியன் குடையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, மறுபடி எறக்கி கோடவுன்லயே போட்ருவமா?"

"கோடவுன்ல முட்டளவு தண்ணி நிக்கே, பாக்கலியாக்கும்? நனைஞ்ச சரக்க வச்சு என்ன செய்வீக, ஊறுகாயா?"

"கடல் பக்கத்துல வலைக்காரங்க மேடு ஒண்ணு இருக்கு. அங்கதான் ஆள் கிடையாது. இன்னைக்கு எல்லாரையும் கெளப்பிக் கொண்டாந்துட்டாங்க."

அப்படித்தான் அந்த லாரி அந்த மேட்டுக்குப் போனது. ஆபத்தான ஒன்றை மனிதர்கள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற சரியான எண்ணமும், அந்த ஊரில் அன்றைக்கு மனிதர்கள் இல்லாத ஒரே இடம் கடலோரம் என்ற உண்மையும் சந்தித்த இடம் அது. மணல்மேடு. மேலே வலைகளைப் போட்டுவைக்க ஒரு கான்கிரீட் அறை. பின்னால் சவுக்குத் தோப்பு. மாரிக்கண்ணன் கீழே கடலோரம் போய் நின்று, மேட்டின் உச்சியைப் பார்த்தார். அது அவர் தலைக்கு நேராக இருந்தது. ஆள் உயரம்.

வலைகளைத் தூக்கி அறைக்குள் போட்டுக்கொண்டிருந்த எழில் என்ற மீனவர் இவரைக் கண்டு சிரித்தார். "தீபாவளிக்கு வராம புயலுக்கு வந்திருக்கீங்களே, சிவகாசிக்காரரே."

"மீந்து போச்சுன்னு கூப்பிட்டாக. வந்தேன்."

"நைட்டுக்கு இங்க இருக்காதீங்கண்ணே. கடல் சரியில்ல."

"நீங்க வலைய இங்கனதான போட்டுட்டுப் போறீக? தண்ணி ஏறும்னா போடுவீகளா?"

 எழிலுக்குத் தெரிந்து அந்த மேட்டில் கடல் ஏறியதில்லை. "வலை வேற, ஆள் வேறண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, போலீஸ் வேன் ஒலி எழுப்பியதும் ஏறிப் போய்விட்டார்.

மதியத்துக்குள் ஆமத்தூரிலிருந்து முருகம்மாள் பலமுறை பேசிவிட்டாள். அங்கே வானம் மூடியிருந்ததே தவிர ஒரு தூறல் இல்லை. தொலைக்காட்சியில் கடலைக் காட்டினார்கள். அவள் தன் வாழ்நாளில் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும்தான்.

"வண்டி கெடந்துட்டுப் போகுது. நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க" என்றாள்.

"வண்டிய எவன் பாப்பான்?"

"எவன் பாக்கணும்? இருக்கன்குடிக் கூட்டமா அங்கன வருது? இந்தக் காத்துல எவன் வந்து ஒங்க வண்டிக்கடியில அடுப்பு மூட்டப் போறான்? தீக்குச்சி பத்துமா மொதல்ல?"

 கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இசைவாணி இருந்தாள்.

"அதுவுஞ் சரிதான்" என்றார் மாரிக்கண்ணன்.

முருகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த லாரி விஷயத்தில் அவள் ஜெயித்ததில்லை. அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்தது இதுதான் முதல் தடவை.

"கெளம்புங்க அப்ப."

"இரு. வாணி இருக்காளா? தாயி, எம்புட்டுத் தண்ணி வரும்னு போட்டிருக்கான், பாத்துச் சொல்லு."

இசைவாணி ஏற்கெனவே அறிவிப்பைத் திறந்து வைத்திருந்தாள். படித்தாள். "கரையைக் கடக்கும்போது கடல் மட்டம் வழக்கமாக ஏறி இறங்கும் ஓத அளவை விட ஒரு மீட்டர் வரை உயரக்கூடும். தாழ்வான இடங்களில் கடல்நீர் புகக்கூடும்."

"ஒரு மீட்டர்னா எம்புட்டு?"

"உங்க லாரி டயர் உசரம்பா."

"டயர் உசரமா! ஏ தாயி, நான் நிக்கிற மேடே ஆளுயரம் இருக்கு. அதுக்கு மேல டயரு, அதுக்கு மேல நான் உக்காந்திருக்கேன். என் காலு நனையாது போலியே." அவர் சிரித்தார். "வேற என்ன போட்டிருக்கான்?"

"மீனவங்களுக்குப்பா. கடலுக்குப் போகக்கூடாதுன்னு என்னென்னமோ போட்டிருக்கு."

"நான் என்ன வலை வீசவா போறேன்?"

அவளும் சிரித்தாள்.

"அப்ப சரி. நான் இங்கனயே இருந்துக்கிறேன். பள்ளிக்கூடத்துல போயி அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல என்னத்தப் படுக்க? அம்மாவ அழாம இருக்கச் சொல்லு."

இணைப்பு முடிந்ததும் முருகம்மாள் மகளைப் பார்த்தாள். "ஏண்டி கொறைச்சுச் சொன்ன?"

"கொறைச்சுச் சொல்லலம்மா. போட்டிருக்கதத்தான் சொன்னேன்."

"கூட்டிச் சொல்லியிருக்கலாம்ல? பத்து மீட்டர்னு சொல்லியிருக்கலாம்ல?"

"இல்லாதத எப்படிச் சொல்ல?" என்றாள் இசைவாணி. அவள் பொய் சொல்லிப் பழகாத பெண். அதை ஒரு நல்ல குணம் என்று இதுவரை எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

பிற்பகலில் அந்தக் கரையில் கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அதன்பின் எத்தனை முறை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற ஒரே குரல்தான் வந்தது.

அங்கே நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் புயல் கரையேறியது. மறுநாள் போனவர்கள் கண்டது இவ்வளவுதான்: மேட்டில் கடலைப் பார்த்த பக்கம் பெருமளவு மணல் இல்லை. லாரி அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பக்கவாட்டில் கிடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அவர் அதன் வழியாக ஏறி வெளியே வந்திருக்கிறார். வலை அறையை நோக்கிப் போக முயன்றிருக்கலாம். சவுக்குத் தோப்பில், மரங்களுக்கு நடுவே சேர்ந்திருந்த குப்பையில் உடல் கிடைத்தது.

காசிராஜன் கார் கொடுத்தார். முருகம்மாளும் இசைவாணியும் முருகம்மாளின் தம்பி கருப்பணனும் போனார்கள். மருத்துவமனையில் உடலைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். கருப்பணன் நாற்காலி தேடினான். முருகம்மாள் உட்காரவில்லை. "அவுக நின்ன எடத்தக் காட்டு" என்றாள். ராஜபாண்டியன்தான் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் "நாந்தான் அந்த மேட்டக் காட்டுனேன், நாந்தான் காட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 

கடலோரம் அன்று அமைதியாக இருந்தது. பட்டாசுப் பெட்டிகள் ஊர் வரைக்கும் ஒதுங்கிக் கிடந்தன. சங்குசக்கரம், புஸ்வாணம், ராக்கெட். சிவகாசி அச்சகங்களில் அடித்த நிறங்கள் மணலில் ஊறியும் மங்கவில்லை. மீன் பெட்டிகளோடும் தென்னை மட்டைகளோடும் சேர்ந்து அவை வளைந்து நெளிந்து ஒரு நீளமான கோடாகக் கிடந்தன. அதைக் கண்டதும் கருப்பணனுக்கு ஆத்திரம் வந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான்.

"சார், சார், அதை எடுக்காதீங்க, ப்ளீஸ்." கையில் அளவுகோல் கம்பத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். அவளோடு இரண்டு பேர் கருவிகளோடு நின்றார்கள். "அலை எதுவரைக்கும் வந்ததுன்னு அந்தப் பெட்டிங்கதான் காட்டுது. அளந்துக்கிறோம், அப்புறம் எடுத்துக்குங்க."

"எங்க மச்சான் லோடு தாயி இது" என்றான் கருப்பணன்.

அவள் கம்பத்தைத் தாழ்த்தினாள். திரும்பி முருகம்மாளைப் பார்த்தாள். அவள் பெயர் சுகிர்தா. புயலுக்குப் பின் கடல் ஏறிய உயரத்தை அளந்து, கணினியில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. மன்னிப்புக் கேட்டாள். போய்விடலாம் என்று மற்ற இருவருக்கும் சைகை காட்டினாள்.

"அளங்க" என்றாள் இசைவாணி. "எவ்வளவு வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

சுகிர்தா தயங்கினாள். பிறகு அவர்களை வலை அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே, எழிலின் வலைகள் குவிந்த மூலையில், சுவரில் ஒரு சேற்றுக்கோடு இருந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே. நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

"இது தண்ணி நின்ன மட்டம். சுவர் இருக்கிறதால அலை உள்ள வரலை. தண்ணி மட்டும் கசிஞ்சு ஏறியிருக்கு." வெளியே கடலைப் பார்த்த சுவருக்கு வந்தாள். அங்கே சேறு இடுப்பு வரைக்கும், சில இடத்தில் அதற்கு மேலும் அப்பிக் கிடந்தது. கடற்பாசி ஒட்டியிருந்தது. "இது அலை அடிச்ச உயரம்."

முருகம்மாள் உள்ளே போய் அந்தக் கோட்டைப் பார்த்தாள். வெளியே வந்து இதைப் பார்த்தாள். மறுபடி உள்ளே போனாள்.

"ஒரு மீட்டர்னுதான் போட்டிருந்துச்சு" என்றாள் இசைவாணி. "மேடு ஆளுயரம்னு அப்பா சொன்னாக. அப்ப மேட்டு மேல தண்ணி வந்திருக்கவே கூடாதே."

"வந்திருக்கக் கூடாதுதான்." சுகிர்தா மணலில் குந்தினாள். "அந்த ஒரு மீட்டர்ங்கிறது காத்து தள்ளிக்கிட்டு வர்ற தண்ணி. புயலோட நடுவுல காத்தழுத்தம் குறையிறதால கடல் கொஞ்சம் எழும்பும், அதுவும் சேர்த்தி. அலை அதுல இல்லை. அலை கரைகிட்ட வந்து உடையுதுல்ல, ஒவ்வொண்ணும் தண்ணியக் கொண்டுவந்து முன்னால தள்ளுது. தள்ளுன வேகத்துக்கு அது திரும்பிப் போக முடியாது. அதுக்குள்ள அடுத்தது வந்துடும். அப்படியே கரையோரமா குவிஞ்சு நிக்கும். உள்ள பாத்தீங்களே, அந்தக் கோடு, அந்த அளவுக்குத் தண்ணிய ஏத்துனது அலைதான். அதுக்கு மேல ஒவ்வொரு அலையும் தனியா ஏறி அடிக்குது. மணலை அரிக்கிறது அதுதான். அலை எழும்புன கடல் காத்துக்கு நல்லா பிடி கொடுக்கும், அதனால காத்தும் கூடுதலா தள்ளும். ஒண்ணு இன்னொண்ணை வளர்க்கும்."

"அப்ப இவ சொன்ன கணக்கு தப்பா?" என்று முருகம்மாள் கேட்டாள்.

"தப்பில்லைங்கம்மா. தண்ணி மட்டத்துக்கு அது சரியான கணக்கு. அலையையும் சேர்த்துப் போடுற கணக்கும் இருக்கு. அதுக்குக் கரைக்கு அடியில மணல் எந்த எடத்துல எவ்வளவு ஆழம்னு தெரியணும். இந்தக் கரைக்கு அந்த அளவு இல்லை. அதனால அலை உயரத்தைத் தனி வரியா கீழ போட்டிருப்பாங்க."

"போட்டிருந்துச்சு" என்றாள் இசைவாணி.

அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "மீனவர்களுக்குன்னு தலைப்பு போட்டு அதுக்குக் கீழ போட்டிருந்துச்சு. மூணுல இருந்து நாலு மீட்டர்னு. அப்பா வேற என்ன போட்டிருக்குன்னு கேட்டாக. நான் அத வாசிக்கல."

கருப்பணன் கையில் இருந்த பெட்டியைக் கீழே போட்டான். ராஜபாண்டியன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணையும் நாலையும் கூட்டிக்கணுமா?" என்று இசைவாணி சுகிர்தாவிடம் கேட்டாள். வகுப்பில் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"இல்லை. கூட்ட முடியாது. நாலு மீட்டர் அலை கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சிடும். கரையில எவ்வளவு ஏறும்ங்கிறது சரிவைப் பொறுத்தது. எனக்கே இப்ப அளந்து பார்த்துத்தான் தெரியுது."

"அப்ப நான் வாசிச்சிருந்தாலும் அப்பாவுக்கு அளவு தெரிஞ்சிருக்காது."

"அளவு தெரிஞ்சிருக்காது." சுகிர்தா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எறங்கிடணும்னு தோணியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தெரிந்தவள் போலக் கம்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

முருகம்மாள் மகளின் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள். "நீ என்னத்தக் கண்ட, புள்ள. நீ வாசிச்சிருந்தாலும் அவுக எறங்கியிருக்க மாட்டாக. லாரியக் கட்டிக்கிட்டவுக அவுக."

நல்ல வார்த்தை. அந்த இடத்தில் ஒரு தாய் சொல்லக்கூடிய சிறந்த வார்த்தையும் அதுதான். ஆனால் அது உண்மையா என்று கேட்டால் சொல்ல முடியாது. அவர் இறங்கச் சம்மதித்ததைக் காதால் கேட்டவள் முருகம்மாள். அதுவுஞ் சரிதான் என்று அவரைச் சொல்லவைத்தவளே அவள்தான். அந்தச் சம்மதத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது வாசிக்காமல் விட்ட ஒரு வரி. அது இருவருக்கும் தெரியும். அணைப்பில் இருந்தபடியே இருவரும் அதை அறிந்திருந்தார்கள்.

சாயங்காலம் உடலைக் கொடுத்தார்கள். மறுநாள் ஆமத்தூரில் எரித்தார்கள். காசிராஜன் செலவில் ஊர் முக்கில் பெரிய பேனர் கட்டினார்கள். ஊரைக் காக்கத் தன்னுயிர் ஈந்தவர் என்று அதில் இருந்தது. அவர் ஊரைக் காத்தாரா? அந்த லாரியைக் கடைத்தெருவில் விட்டிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. மேட்டில் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சரக்கு போயிருக்கும், அவ்வளவுதான். தேவையில்லாத இடத்தில் காட்டிய கவனத்துக்குத் தியாகம் என்று பெயர் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. வெறும் பிடிவாதம் என்று தள்ளவும் மனம் வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ தன் சக்கரத்தடியில் தூங்குவதாக எண்ணிக்கொண்டே வாழ்ந்த ஒரு மனிதரை எந்தச் சொல்லில் அடக்குவது என்று தெரியவில்லை. பேனர் தை மாதக் காற்றில் கிழிந்தது. யாரும் திரும்பக் கட்டவில்லை.

இசைவாணி கல்லூரிக்குத் திரும்பினாள். முருகம்மாள் அவளிடம் முன்னைவிடக் கனிவாக நடந்துகொண்டாள். முட்டை வாங்கிவந்து அவித்துக் கொடுத்தாள். பேருந்து ஏற்றிவிட வந்தாள். அந்தப் பேச்சு எழவே இல்லை. யாராவது அக்கம்பக்கத்தார் எடுத்தாலும், "எம்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக" என்று சீறினாள்.

மாசி மாதத்தில் முருகம்மாளுக்கு ரத்தக்கொதிப்பு என்று விருதுநகர் மருத்துவமனையில் மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார்கள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பொடி எழுத்து சுத்தமாக வராது. மாத்திரைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாசலை நோக்கிப் போவதை இசைவாணி பார்த்தாள்.

"குடும்மா, நான் வாசிச்சுச் சொல்றேன்."

"நீ பரீட்சைக்குப் படி தாயி. ஒன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்த வீட்டுப் பெண் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பது இசைவாணிக்குக் கேட்டது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று.

"அம்புட்டுத்தான் மதினி."

"கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கே" என்றாள் முருகம்மாள்.

"அது நமக்கில்ல மதினி. கம்பெனிக்காரன் ஏதோ பொடி எழுத்துல போட்டிருக்கான்."

"பரவால்ல. அதையும் வாசிங்க. ஒண்ணு விடாம கடேசி வரைக்கும் வாசிங்க."